சம்பளம் குறைந்தாலும் மனம் ஒப்பும் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: ஆதம்பாக்கத்தில் வாடகை வீடு. வயது 38. தனியார் வங்கியில் வேலை, கையில் வரும் சம்பளம் 72,000. பென்ஷன் பணத்தை டெபாசிட் போட வரும் பெரியவர்களிடம் யூலிப் (சந்தை முதலீட்டோடு சேர்ந்த காப்பீட்டு பாலிசி) விற்கச் சொல்கிறார்கள், மனசு ஒப்பவில்லை. தாம்பரத்தில் ஒரு பள்ளியின் கணக்குப் பிரிவில் 52,000-க்கு வேலை கிடைத்திருக்கிறது. ஜூனில் சேர வேண்டும், இன்னும் 6 மாதம் இருக்கிறது. மனைவி சம்பளம் 28,000. வீட்டுச் செலவு 58,000. மச்சினனின் செல்போன் கடைக்காக என் பெயரில் 6 லட்சம் பர்சனல் லோன் எடுத்து (14%, 48 மாதம்) நானே கட்டுகிறேன். 18 தவணை முடிந்தது. அவ்வப்போது கைமாத்தும் கேட்பார். இப்போது 5 லட்சம் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்கிறார். என்னிடம் 1.5 லட்சம் டெபாசிட் இருக்கிறது. அதை ஆப்ஷன் டிரேடிங்கில் (விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துச் செய்யும் பங்குச்சந்தை வியாபாரம்) போட்டு லோனை அடைத்துவிட்டு வேலை மாறலாமா?

பதில்: தாராளமாக மாறுங்கள். யூலிப்பில் 5 வருடம் பணம் முடங்கும் என்று தெரிந்து, அதை 70 வயதுக்காரரிடம் நீட்டக் கை கூசுகிறது பாருங்கள், அது போய்விடக் கூடாது. ஆனால் உங்களைக் கட்டிப்போட்டிருப்பது அந்த 20,000 குறைவு இல்லை.

வீட்டுக்கு வருவது 1 லட்சம். செலவு 58,000, தவணை சுமார் 16,400. மாதம் 25,000 மிஞ்ச வேண்டும். 18 மாதத்தில் அதுவே நாலரை லட்சம். இருப்பதோ ஒன்றரை. மீதி 3 லட்சம்? 'அவ்வப்போது கைமாத்து' என்று ஒரே வரியில் கடந்துபோனீர்களே, பெரும்பகுதி அங்கேதான் போயிருக்கும். மச்சினனை நான் குறை சொல்லவில்லை. கேட்டால் கிடைக்கும் என்று பழக்கியது நீங்கள்.

ஜாமீன் வேண்டவே வேண்டாம். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவுப்படி கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. வங்கியில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே! முதலில் மனைவியிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பிறகு இருவருமாக அவரைக் கூப்பிட்டு, "பழைய லோன் முடிகிறவரை கையெழுத்தும் இல்லை, கைமாத்தும் இல்லை" என்று சொல்லுங்கள். கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆப்ஷன் பக்கமே போகாதீர்கள். ஆப்ஷனும் அடங்கிய எஃப் அண்ட் ஓ வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் 3 நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டதாக 2024-ல் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே சொல்லிவிட்டது. அந்த 1.5 லட்சம் வேலை மாறும் சமயத்துக்கான பிடிமானம், தொடாதீர்கள்.

ஜூன் வரை மிஞ்சும் 25,000-ஐ அப்படியே சேர்த்தால் 1.5 லட்சம். அப்போது லோன் பாக்கி சுமார் 3.4 லட்சம் இருக்கும். சேர்த்ததைக் கட்டினால் 1.9 லட்சம், பகுதியாகக் கட்ட என்ன கட்டணம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காலத்தைக் குறைக்காமல் தவணையைக் குறைக்கச் சொன்னால் 24 மாதத்துக்கு 9,100 அளவில் வரும். புதிய வருமானம் 80,000. செலவும் தவணையும் 67,000. 13,000 கையில் நிற்கும்.

இன்னொன்று. இந்த 6 மாதமும் அதே நாற்காலியில்தான் உட்காரப் போகிறீர்கள். பாலிசிப் பத்திரம் கைக்கு வந்து 30 நாள் ஆகாத பெரியவர்கள் யாராவது இருந்தால், ஃப்ரீ லுக் காலத்தில் பாலிசியைத் திருப்பிக் கொடுத்து, பிடித்தம் போக மீதியை வாங்கிக்கொள்ளலாம் என்று நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.