அந்த நைட்டியைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அடுத்த மாதம் அப்பாவுக்கு 70 வயது. அம்மா நினைவாக அவருக்கு ஒரு ஒட்டுத்துணிப் போர்வை தைத்துத் தர ஆசை. அம்மா கட்டியது, அம்மா எடுத்துக் கொடுத்தது என்று அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் சேர்ந்து 19 சேலைகள் தந்துவிட்டார்கள். அண்ணியிடம் மட்டும் கேட்கவில்லை. அம்மா கடைசி எட்டு மாதம் படுக்கையில் போட்டிருந்த பழைய நைட்டிகள்தான் அவரிடம் இருக்கின்றன. (நானும் ஞாயிறுதோறும் போய்ப் பார்த்து வந்தவள்தான்.) பட்டையும் பருத்தியையும் சேர்த்துத் தைக்கலாமா?
— ஒரு வாசகி, கோவை

பதில்: முதலில் தையலை முடித்துவிடுவோம். ஒற்றைக் கட்டிலுக்கு 5 அடிக்கு 7 அடி போதும். ஆறு அங்குலச் சதுரம் என்றால் 140 துண்டு. சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு, ஆறரையாக வெட்டுங்கள். பருத்திச் சேலைகளைத் தனித்தனியாகத் துவைத்து, ஈரம் காயுமுன் வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்குகிற சேலை அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

பட்டு வேண்டாம். ஜரிகை முதியவர் தோலை உரசும். பழம்பட்டு மடிப்பில் இற்றுப்போகும். பக்கத்துப் பருத்தி அப்படியே இருக்க, பட்டு மட்டும் கிழியும். வாரம் ஒருமுறை அலசிப் போட முடியாத போர்வையை அப்பா பீரோவில்தான் வைப்பார். போர்வைக்கென்றே வாய்த்த துணி, நூறு தடவை துவைத்து மெத்தென்று ஆன பருத்திதான்.

அது உங்கள் வீட்டில் யாரிடம் இருக்கிறது? அண்ணியிடம்.

"நைட்டிகள்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் 'தான்' என்னை உறுத்துகிறது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நைட்டி மாற்றிப் பார்த்திருக்கிறீர்களா? ஒருக்களிக்க வைத்து, ஒரு கையை உருவி, மறுபக்கம் புரட்டி, அடுத்த கையை உருவி... நாலு நாள் அந்தப் பாடு பட்டுவிட்டு, என் மாமியாரின் நைட்டிகளை முதுகுப்பக்கம் மேலிருந்து கீழே கத்தரியால் பிளந்தேன். நல்ல துணியை வெட்டுகிறோமே என்று முதல் நைட்டிக்கு மட்டும் கை தயங்கியது. அப்புறம் ஒரு நாளைக்கு மூன்று, டெட்டால் தண்ணீரில் ஊறவைத்து அலசி, வெயிலில் போட்டு எடுப்பது. நடுவில் மழை வந்தால் அழுகையே வரும்.

எட்டு மாதம் இதைச் செய்தவர், இரண்டு வருஷம் கழிந்தும் அந்தத் துணிகளைக் கரித்துணியாக்கவில்லை, குப்பையிலும் போடவில்லை. ஏன் என்று உங்களுக்கு ஒரு நிமிஷமாவது தோன்றவில்லையா?

கல்யாணச் சேலை, வளைகாப்புச் சேலை, தீபாவளிச் சேலை. இவை மட்டும் இருந்தால் அது விசேஷ ஆல்பம். அப்பா அந்த எட்டு மாதமும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். அவர் கண்ணில் நிற்கிற மனைவி எந்தத் துணியில் இருக்கிறார் என்று அவரைக் கேட்காமல் நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். பெற்ற மகள் என்ற உரிமை பெரியதுதான், நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மலமும் மூத்திரமும் அள்ளிய மருமகளின் உரிமைக்கு அது ஒரு படி கீழேதான். இதைப் படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் வரட்டும்.

கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பக்கம் சித்தி இனப் பெண்கள் (நம் சித்தி இல்லை, ஆப்பிரிக்க வழிவந்த மக்கள்) கவந்தி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். வீட்டில் கிழிந்த உடுப்பெல்லாம் அதில் சேரும். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நாலு மூலையிலும் துணியை மடித்துப் 'பூலா' என்று வைத்துத் தைப்பார்கள். மூலையில் பூலா இல்லாத போர்வை அவர்களுக்கு அம்மணமாம்.

உங்கள் போர்வைக்கும் நாலு மூலை இருக்கிறது. அண்ணியிடம் போனில் கேட்காதீர்கள், கூரியரில் அனுப்பச் சொல்லாதீர்கள். நேரில் போங்கள். எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று அவர் சொல்லட்டும். ஒன்றுகூடத் தரமாட்டேன் என்றால் மறுபேச்சில்லாமல் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்.