சென்னையில் சாக்கடை, வடிகால், நடைபாதைப் புகார்: கேள்வி பதில்

ஏரியா பெயர் மட்டும் போட்டுக் கேளுங்கள், கதவு எண் வேண்டாம்.

பெரம்பூர்: தெருவில் கறுப்புத் தண்ணீர் நிற்கிறது. 1913க்குச் சொன்னால் ‘எங்கள் வேலை இல்லை’ என்று புகாரை மூடிவிடுகிறார்கள் சார்.

எந்தத் தண்ணீர் என்று முதலில் பாருங்கள். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, எண் 1913. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துடையது, எண் 044-45674567. சாலையில் வட்ட மூடி போட்டிருப்பது பெரும்பாலும் சாக்கடை மேன்ஹோல். ஓரமாக நீளத்துக்குக் கான்கிரீட் பலகை போட்டு மூடியிருந்தால் அது வடிகால். வட்ட மூடியிலிருந்து பொங்கினால் வாரியத்துக்குத்தான் சொல்ல வேண்டும்.

மழையே இல்லாத நாளில் வடிகாலில் கறுப்புத் தண்ணீர் ஓடுகிறதா? யாரோ வீட்டுக் கழிவுநீரை அதில் இணைத்திருக்கிறார்கள். அப்போது இரண்டு இடத்திலும் புகார் கொடுங்கள். ‘நாற்றம் தாங்கவில்லை’ என்று எழுதினால் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போய்விடுவார்கள். ‘மழையில்லாத நாளில் இந்த மின்கம்ப எண் அருகே வடிகாலில் கழிவுநீர் ஓடுகிறது, இணைப்பைக் கண்டுபிடித்துத் துண்டிக்கவும்’ என்று எழுதுங்கள். படத்தில் மூடியும் கம்ப எண்ணும் தெரிய வேண்டும். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். வேலை நடக்காமலே மூடினால் பழைய எண்ணைச் சொல்லிப் புதுப் புகார் போடுங்கள்.

தாம்பரம்: எங்களுக்கும் 1913தானா?

இல்லை. 2021லிருந்து நீங்கள் தனி மாநகராட்சி. அங்கேதான் கேட்க வேண்டும்.

விருகம்பாக்கம்: ரோடு போடப் போட வீடு பள்ளமாகிக்கொண்டே போகிறது.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். வேலை தொடங்கும் முன்பே வார்டு உதவிப் பொறியாளரிடம் அதைக் காட்டிக் கேளுங்கள். வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தார் ஊற்றிய பிறகு கேட்டால் யாரும் தோண்டி எடுக்க மாட்டார்கள்.

அம்பத்தூர்: பிளாட்பாரத்தில் மின்சாரப் பெட்டிக் கதவு திறந்தே கிடக்கிறது.

மின்வாரியப் புகார் மையமான மின்னகம், 94987 94987. இன்றைக்கே கூப்பிடுங்கள். மழையில் யாரும் அதன் பக்கம் போகக் கூடாது.

வேளச்சேரி: முழங்கால் தண்ணீர் நிற்கும்போது மேன்ஹோலைத் திறந்தால் சீக்கிரம் வடிகிறதே?

தயவுசெய்து திறக்காதீர்கள். 2017 ஆகஸ்டில் மும்பை வெள்ளத்தில், தண்ணீருக்கு அடியில் திறந்து கிடந்த மேன்ஹோலில் விழுந்து ஒரு மருத்துவர் இறந்தார். மேலிருந்து பார்த்தால் குழி இருப்பதே தெரியாது.

மடிப்பாக்கம்: வேளச்சேரிக்காரர் சொல்வது சரிதான். வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது சட்டம் பேச முடியுமா?

சட்டம் பேசவில்லை, தண்ணீர் எங்கே போகும் என்று சொல்கிறேன். சாக்கடைக் குழாய் வீட்டுக் கழிவுநீர் அளவுக்குப் போட்டது. மழைநீரை அதில் விட்டால் நீரேற்று நிலையத்து மோட்டாரால் இழுக்க முடியாது. தாழ்வான வீடுகளின் கழிவறை வழியே எதிர்த்து வரும். உங்கள் வாசல் வடியும், அடுத்த தெருவில் கீழ்த்தளத்தில் இருக்கும் வயதானவர் வீட்டுக்குள் மலம் மிதக்கும். மொட்டைமாடிக் குழாயைச் சாக்கடையில் சேர்த்திருப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். மழைநீர் சேகரிப்பு 2003லேயே கட்டாயமாகிவிட்டது, தொட்டிக்கு மாற்றுங்கள்.

வேளச்சேரி: அப்படியென்றால் ஆள் வைத்து அடைப்பு எடுக்கலாமா?

யாரையும் உள்ளே இறக்காதீர்கள். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். விஷவாயுவில் உயிர் போய்விடும். வாரியத்தைக் கூப்பிட்டால் இயந்திர வண்டி வரும்.

கொளத்தூர்: 1913இல் புகாரை மூடிவிட்டார்கள், என்ன செய்வது?

பெரம்பூருக்கு எழுதியதைப் படியுங்கள்.

போரூர்: மேன்ஹோலைக் கொஞ்சமாகத் திறக்கலாமா?

கூடாது. இதற்கு மேல் மூடி பற்றிய கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

மயிலாப்பூர்: நடைபாதைக் கடைகளை அகற்ற யாரிடம் சொல்வது?

2014ஆம் ஆண்டுச் சட்டப்படி சாலையோர வியாபாரிகளுக்கும் உரிமை உண்டு. விற்பனைக் குழு இடம் ஒதுக்க வேண்டும், அதைக் கேளுங்கள். அதற்கு முன் நடைபாதையில் நிற்கும் பைக், வீட்டுக்காரர்கள் கட்டிய சாய்வு மேடை இரண்டையும் படமெடுத்து 1913க்குப் புகார் கொடுங்கள். சக்கர நாற்காலியை ரோட்டில் இறங்க வைப்பதில் அவற்றுக்குத்தான் பெரிய பங்கு.

அயனாவரம்: வடிகால் தூர்வாரியதாகக் கணக்கு, ஆனால் மண் அப்படியே இருக்கிறது.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி உங்கள் தெருவுக்கான வேலை ஆணை, அளவுப் புத்தகம் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு), பில் மூன்றின் நகலும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அக்டோபரில் மழை ஆரம்பித்துவிடும், அதனால் ஜூலையிலேயே போடுங்கள்.