இறந்தவரின் கடைசிக் காணொளி: வழக்குக்கு முன் உரிமை யாருக்கு என்று பாருங்கள்

கேள்வி: நீருக்கடிக் குகை ஒன்றில் ஸ்கூபா முக்குளிப்பின்போது என் அண்ணன் இறந்துவிட்டார். அவருடைய தலைக்கவசத்தில் இருந்த கேமராவின் மெமரி கார்டை, உடலை மீட்ட முக்குளிப்பாளர் தன்னிடமே வைத்துக்கொண்டு, கடைசி நிமிடங்களைப் ‘பாதுகாப்புப் பாடம்’ என்ற பெயரில் இணையத்தில் வெளியிட்டிருக்கிறார். அண்ணன் மூச்சுத் திணறும் ஒலிகூட அதில் கேட்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து அம்மா சரியாக உண்பதில்லை. அந்த நபரோ வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர விரும்புகிறேன். அண்ணனைக் கொன்றது அவருடைய பயிற்றுநர்தான் என்று நானும் ஒரு காணொளி வெளியிடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு செய்திதான். அந்தக் கேமரா உங்கள் அண்ணனுடையது. அவரே பொருத்தி, அவரே இயக்கியது. அம்மாவின் நிலையும் அந்த நபரின் அலட்சியமும் என்னையும் வருத்துகின்றன. ஆனால் அவற்றை மனுவில் பக்கம் பக்கமாக எழுதினாலும் தீர்ப்பு அவற்றின்மேல் நிற்காது.

மன உளைச்சல், அந்தரங்க உரிமை ஆகியவற்றை முதன்மைக் காரணமாக வைத்து வந்த குடும்பங்கள் தொடக்கத்திலேயே தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுகளுக்குச் சொத்தாக இறங்குவதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் கூறியது. இறந்தவரின் படங்கள் தொடர்பாகக் குடும்பத்தினருக்குத் தமக்கென ஓர் அந்தரங்க நலன் உண்டு என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2004-இல் ஏற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் அது அரசு வைத்திருந்த ஆவணங்களைக் கேட்ட வழக்கு. தனிநபர் ஒருவர் வெளியிட்ட காணொளிக்கு அதை அப்படியே நீட்ட முடியாது.

காட்சியைப் பதிவுசெய்தவருக்குரிய பதிப்புரிமையோ பொதுவாக இறப்போடு முடிவதில்லை. அது வாரிசுக்கு இறங்கும். கார்டு யார் கையில் இருக்கிறது என்பது வேறு, அதிலுள்ள படத்தை வெளியிடும் உரிமை யாருடையது என்பது வேறு. உயிரைப் பணயம் வைத்து உடலை மீட்டவர் என்பதால் அந்த உரிமை அவருக்குச் சென்றுவிடாது. கேமரா தானாக ஓடியது, அதில் படைப்பாற்றல் எதுவும் இல்லை என்றும், கல்விக்கான நியாயமான பயன்பாடு என்றும் எதிர்த்தரப்பு வாதிடும். அதற்கு ஆயத்தமாக இருங்கள்.

ஆனால் அந்த வாரிசு நீங்களா? உயில் இல்லையென்றால் பெரும்பாலான சட்டங்களில் அண்ணனின் மனைவியும் குழந்தைகளும் உங்களுக்கு முன்னால் நிற்பார்கள். தம்பி அனுப்பிய நோட்டீஸுக்கு ‘நீங்கள் யார்’ என்ற ஒற்றை வரியில் பதில் வரும். அண்ணியின் எழுத்து மூலமான அதிகாரம் இல்லாமல் ஒரு கடிதம்கூட அனுப்பாதீர்கள்.

இனி, என்னிடம் வருபவர்கள் உண்மையில் சிக்கிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது அவர் வெட்டி வெளியிட்ட சில நிமிடங்கள். முழுப் பதிவில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. வழக்குத் தொடர்ந்தால் முழுப் பதிவையும் நீதிமன்றத்தில் வைக்கச் சொல்வார்கள். தன் தகுதிச் சான்று அனுமதித்த ஆழத்தைத் தாண்டி அண்ணன் சென்றதோ, திரும்புவதற்கு ஒதுக்க வேண்டிய காற்றைச் செலவழித்ததோ அதில் தெரிந்தால், காப்பீட்டு நிறுவனம் அதையே காட்டி அண்ணியின் கோரிக்கையை மறுக்கலாம். பயிற்றுநர்மீது பின்னாளில் இழப்பீடு கேட்டாலும், இறந்தவரின் கவனக்குறைவுக்கு அதுவே சான்றாகும். மேலும், சீலிட்ட உறையில் வைக்க முன்கூட்டியே உத்தரவு பெறாவிட்டால், நீங்கள் மறைக்க விரும்பிய காட்சி வழக்குக் கட்டிலேயே ஒரு சான்றாவணமாகி, செய்தியாளர்கள் கேட்டுப் பெறக்கூடிய பொருளாகிவிடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கார்டு கைக்கு வந்தவுடன் ஆத்திரத்தில் அழித்துவிடுவார்கள். மரண விசாரணை முடியும் முன் அழித்தால், சாட்சியத்தை அழித்த குற்றம் உங்கள்மீது விழும். ஆஸ்திரேலியாவின் தொலைக்காட்சி வனவிலங்கு நிகழ்ச்சியாளர் ஸ்டீவ் இர்வின் 2006 செப்டம்பரில் கடலுக்கடியில் திருக்கை குத்தி இறந்தபோது பதிவான காட்சி ஒருபோதும் ஒளிபரப்பாகவில்லை. காவல்துறையிடம் சென்ற அந்தப் பதிவு பின்னரே அவருடைய மனைவியிடம் ஒப்படைக்கப்பட்டது, பிரதிகளும் அழிக்கப்பட்டன. முதலில் விசாரணை, பிறகே அழிப்பு என்ற அந்த வரிசை மாறக் கூடாது.

பயிற்றுநர்தான் கொன்றார் என்ற காணொளியை வெளியிடவே வேண்டாம். நிரூபிக்க முடியாவிட்டால் அவதூறு வழக்கில் பிரதிவாதியாக நிற்கப்போவது நீங்கள்தான். அந்த மோதலில் மூலக் காணொளியை இன்னும் பலர் தேடிப் பார்ப்பார்கள்.

தளத்துக்குப் பதிப்புரிமை நோட்டீஸ் அனுப்பினால் காணொளி விரைவில் இறங்கக்கூடும். ஆனால் அமெரிக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் தளங்களில், வெளியிட்டவர் எதிர் நோட்டீஸ் கொடுத்தால், நீங்கள் நீதிமன்றம் சென்றதாகத் தெரிவிக்காத நிலையில் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் அது மீண்டும் ஏறிவிடும். வழக்குக்கு ஆயத்தமில்லாதவர் அனுப்பும் நோட்டீஸ் எதிராளியை எச்சரிக்க மட்டுமே பயன்படும்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள் என்றுதான் வெளிப்படையாகச் சொல்வேன். எதிர்த்தரப்பின் வாதம் முழுக்கப் பொய்யல்ல என்பதால் இதைச் சொல்கிறேன். 2005 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் பூஸ்மான்ஸ்கட் குகையில் சுமார் 270 மீட்டர் ஆழத்தில் டேவ் ஷா என்ற முக்குளிப்பாளர் இறந்தபோது, அவருடைய தலைக்கவசக் கேமராவில் பதிவான மூச்சின் ஒலிதான், கடும் உழைப்பால் உடலில் கரியமில வாயு தேங்கியதைப் புரிந்துகொள்ள உதவியது. நீங்கள் அழிக்க விரும்பும் அதே ஒலி விசாரணையாளருக்குச் சான்றாகலாம். ஆனால் அதைக் கேட்க வேண்டியவர்கள் விசாரணையாளர்களும் பயிற்றுநர்களும்தான், ஊர் உலகம் அல்ல. 947 முக்குளிப்பு மரணங்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வு, தொடக்கக் காரணம் கண்டறியப்பட்ட மரணங்களில் 41 விழுக்காட்டில் அது சுவாசக் காற்றுப் பற்றாக்குறை என்று கண்டது. அந்தப் பாடத்தை எழுத்தாலேயே சொல்ல முடிந்திருக்கிறது. ஒருவருடைய கடைசி மூச்சை அறிமுகமில்லாதவர்களின் காதில் போட வேண்டியதில்லை. எதிரே உட்காரும்போது நீங்கள் வைக்க வேண்டிய வாதம் இதுதான். என் மனமும் இதன் பக்கமே நிற்கிறது.

ஒப்பந்தத்தில் பொதுவெளிப் பதிவு உடனடியாக நீக்கப்பட வேண்டும். பயிற்சிக்கான பதிப்பில் முகமும் பெயரும் ஒலியும் இருக்கக் கூடாது. விளம்பர வருமானமும் கூடாது. அவர் யாருக்கெல்லாம் பிரதி கொடுத்தார் என்ற பட்டியல் வேண்டும், மூலக் கார்டு மாற்றமின்றி விசாரணை அதிகாரியிடமோ இரு தரப்பும் ஏற்கும் வழக்கறிஞரிடமோ இருக்க வேண்டும், மீறினால் தர வேண்டிய தொகையும் குறிக்கப்பட வேண்டும். மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அந்த ஒரு வரிக்காகவே பேச்சுகள் முறிகின்றன. கையெழுத்து அண்ணியுடையதாக இருக்கட்டும். அதற்கு முன், காப்பீட்டுக் கோரிக்கையைக் கவனிக்கும் வழக்கறிஞர் முழுப் பதிவையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நீங்களோ அம்மாவோ அதைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.