முப்பது அடி வண்டியும் மூன்று மலைப் பூங்காக்களும்

கேள்வி: டென்வரில் வசிக்கிறோம். ஜூலையில் படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டியான மோட்டார் ஹோம் ஒன்றை, 30 அடி நீளத்தில், வாடகைக்கு எடுத்து, பன்னிரண்டு நாட்களில் கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன், கிளேசியர் ஆகிய மூன்று தேசியப் பூங்காக்களையும் பார்க்க விரும்புகிறோம். எழுபது வயதான என் தாயாரும் உடன் வருகிறார். எதை முதலில் கவனிக்க வேண்டும்?

பதில்: வண்டியின் நீளத்தை முதலில் கவனியுங்கள், வழியையும் தங்குமிடத்தையும் அதுதான் முடிவு செய்யும். கிளேசியரில் 1933-இல் திறக்கப்பட்ட 'கோயிங் டு த சன்' சாலையில், அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன்னுக்கும் இடைப்பட்ட பகுதியில், பம்பர்களையும் சேர்த்து 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளை அனுமதிப்பதில்லை. அங்கே பாறையைக் குடைந்து போட்ட சாலையின் மேல் மலைச் சுவர் கவிந்து நிற்கிறது. மறுபக்கம் தாழ்வான கல் கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் பள்ளத்தாக்கு. எனவே ஆப்கார் முகாமில் வண்டியை நிறுத்திவிட்டு, 1930களில் செய்யப்பட்ட, கூரையைச் சுருட்டித் திறக்கக்கூடிய சிவப்புப் பேருந்தில் 2,026 மீட்டர் உயரமுள்ள லோகன் கணவாய்க்குச் செல்லுங்கள். ஓட்டுபவரும் மலையைப் பார்க்க வேண்டாமா!

பன்னிரண்டு நாட்களில் மூன்று பூங்காக்கள் என்பது என் கருத்தில் நெருக்கடியான திட்டம். கிளேசியரை இன்னொரு கோடைக்கு ஒத்திவைக்க மனம் வந்தால், அம்மாவுக்கு அது பெரிய உதவி.

டென்வரிலிருந்து ராலின்ஸ், லேண்டர், டுபாய்ஸ் வழியாக டோக்வோட்டி கணவாயைக் கடந்தால் நேரே கிராண்ட் டீட்டனை அடையலாம். பல ஆண்டுகளுக்கு முன் அந்த இறக்கத்தில் பிரேக்கின் மேலேயே கால் வைத்தபடி இறங்கினேன். பாதி வழியில் கருகல் நாற்றம் வண்டிக்குள் ஏறியது. சாலையோரம் நிறுத்தி, பிரேக் ஆறும்வரை காத்திருந்தோம். ஏறும்போது போடும் தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும் என்று நம் மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வது அங்கேயும் பொருந்தும்.

தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் ஆகிய மூன்று இணைப்புகளும் கிராண்ட் டீட்டனில் கோல்ட்டர் பே ஆர்.வி. (மோட்டார் ஹோம்) முகாமிலும், யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமிலும் கிடைக்கும். ஃபிஷிங் பிரிட்ஜ் கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம் என்பதால், அங்கே கூடாரங்களுக்கும் துணிச்சுவர் கொண்ட வண்டிகளுக்கும் இடமில்லை. வெளியே அடுப்பு வைத்து மீன் வறுத்தால், சட்டியையும் மீந்த எண்ணெயையும் உடனே வண்டிக்குள் எடுத்துவைத்து ஜன்னல்களை மூடிவிடுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் தரையில் கொட்டாதீர்கள். கரடியிடமிருந்து 91 மீட்டரும், காட்டெருமையிடமிருந்து 23 மீட்டரும் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. காட்டெருமை சாதுவாக மேய்கிறதே என்று அருகில் போய்விடாதீர்கள்.

கிளேசியரின் ஆப்காரில் இந்த மூன்று இணைப்புகளும் இல்லை. போகும் முன்பே நல்ல தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு, கழிவுத் தொட்டியைக் காலி செய்துகொள்ளுங்கள். 30 அடி வண்டி நிற்கக்கூடிய மனைகளும் அங்கே குறைவு. ஆகவே வண்டியைப் பதிவு செய்வதற்கு முன் மனையைப் பதிவு செய்யுங்கள்.

யெல்லோஸ்டோனில் ஜூலை இரவுகளிலும் குளிர் உறைநிலையைத் தொடுவதுண்டு. அம்மாவின் படுக்கைக்குக் கூடுதலாக ஒரு கம்பளி வையுங்கள். வாடகை வண்டியை எடுக்கும் அன்றே, வாசலிலேயே நின்று ஹீட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.