சைடு பெட்டில் 25 மடங்கு விழுகிறதே, தொகையைக் கூட்டலாமா?

கேள்வி: போனில் ஆன்லைன் பிளாக்ஜாக் (21-ஐத் தாண்டாமல் டீலரை முந்த வேண்டிய சீட்டாட்டம்) ஆடுகிறேன். ஆட்டத்துக்கு 100 ரூபாய், கூடவே 'பெர்ஃபெக்ட் பேர்ஸ்' என்ற சைடு பெட்டில் 50 ரூபாய் (முதல் இரண்டு சீட்டும் ஜோடி சேரும் என்ற தனிப் பந்தயம், கட்டாயமில்லை, விரும்பினால் கட்டலாம்). தினமும் 200 ஆட்டம் வரை போகும். மெயின் ஆட்டம் ஏறி இறங்குகிறது, ஆனால் சைடு பெட்டில் தினமும் இரண்டு மூன்று தடவை 25 மடங்கு விழுகிறது. அதை 100 ஆக்கிவிடலாமா? சீட்டை எண்ணி ஆடினால் ஜெயிக்கலாம் என்கிறான் நண்பன், உண்மையா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: ஆக்காதீர்கள். இருக்கிற 50-ஐயும் நிறுத்துங்கள்.

இரண்டு மூன்று தடவை விழுவது உங்கள் ராசி இல்லை, கணக்கே அப்படித்தான். 8 சீட்டுக்கட்டு, அதாவது 416 சீட்டு. உங்களுக்கு முதலில் ஆட்டின் ராணி வருகிறது என்று வையுங்கள், மீதி 415-ல் இன்னும் 7 ஆட்டின் ராணி இருக்கிறது. அது வந்தால் 25 மடங்கு. 8 டைமண்ட் ராணி, அதே சிவப்பு, 12 மடங்கு. கறுப்பு ராணிகள் 16, அதற்கு 6 மடங்கு. இது பரவலாக உள்ள பட்டியல், உங்கள் ஆப்பில் வேறாக இருந்தால் அந்த எண்களைப் போட்டுப் பாருங்கள். சராசரியாக 415 ஆட்டத்தில் 31 தடவை ஜோடி சேரும், கிடைப்பது 175, 96, 96, ஆக 367 பங்கு (ஒரு தடவை கட்டும் தொகை ஒரு பங்கு). மற்ற 384 ஆட்டத்தில் 384 பங்கு போய்விடும். 17 பங்கு நஷ்டம், நூற்றுக்கு 4 ரூபாய்க்குச் சற்று மேல். 6 கட்டு என்றால் நூற்றுக்கு 6 ரூபாய்.

மெயின் ஆட்டத்தில், எப்போது சீட்டு வாங்குவது, எப்போது நிற்பது என்று சரியாக ஆடினால் நஷ்டம் நூற்றுக்கு அரை ரூபாய் அளவுதான். உங்கள் கணக்குக்கு வருகிறேன். மெயினில் நாளைக்கு 20,000 ரூபாய் சுழல்கிறது, சராசரி நஷ்டம் 100 ரூபாய். சைடு பெட்டில் அதில் பாதி, 10,000 ரூபாய், நஷ்டமோ 410! 1,250 ரூபாய் விழும்போது மனதில் நிற்கிறது, ஐம்பது ஐம்பதாகப் போனது நிற்பதில்லை. (டீலர் ஏஸ் காட்டும்போது கேட்கும் 'இன்ஷூரன்ஸ்', அதாவது டீலருக்கு இரண்டே சீட்டில் 21 வரும் என்ற பந்தயம், இதைவிட மோசம், நூற்றுக்கு 7 ரூபாய்க்கு மேல் போகும்.)

சீட்டு எண்ணுவது, அதாவது எந்தெந்தச் சீட்டு போய்விட்டது என்று கணக்கு வைத்து ஆடுவது, நிஜம்தான், அமெரிக்கக் கணித அறிஞர் எட்வர்ட் தோர்ப் 1960-களிலேயே நிரூபித்தார். ஆனால் போன சீட்டு கட்டுக்குத் திரும்பாமல் இருந்தால்தான் எண்ணுவதில் அர்த்தம். மென்பொருள் ஆட்டத்தில் பெரும்பாலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முழுக் கட்டையும் புதிதாகக் கலைத்துவிடுவார்கள், எண்ண எதுவும் இல்லை.

இன்னொன்று. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவதைத் தடுக்கும் மத்திய சட்டம் 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது, தமிழ்நாட்டில் 2023-லேயே தனிச்சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே நீங்கள் ஆடுவது அனேகமாக ஏதோ வெளிநாட்டுத் தளம், ஜெயித்த பணத்தை அவர்கள் நிறுத்தி வைத்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

நாளைக்கு 510 என்றால் மாதம் 15,300 ரூபாய். வீட்டு வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் கணக்கை நம்ப வேண்டாம், மூன்று மாத பேங்க் ஸ்டேட்மெண்டை எடுத்து ஆப்புக்குப் போட்டது எவ்வளவு, திரும்ப எடுத்தது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகும் கை போனுக்கே போகிறது என்றால் 14416-க்கு அழையுங்கள், அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.