கொலம்போவின் முதல் பெயர்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் நடந்த வினாடி வினாவில், ‘அமெரிக்க டிவி தொடரில் வரும் துப்பறியும் போலீஸ் அதிகாரி லெஃப்டினன்ட் கொலம்போவின் முதல் பெயர் என்ன?’ என்று கேட்டார்கள். ‘தொடரில் சொல்லவே இல்லை’ என்றேன். ‘பிலிப்’தான் சரியான விடை என்று மார்க் தர மறுத்துவிட்டார்கள். யார் பக்கம் நியாயம்? இப்படிப்பட்ட சுவாரசியத் துணுக்குகளுக்கு நீங்களும் ஒரு பக்கம் ஒதுக்கலாமே?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: நியாயம் உங்கள் பக்கம்தான். ‘பிலிப்’ என்பது பொய். அதுவும் தெரிந்தே வைத்த பொய்.

ஃப்ரெட் வொர்த் என்ற அமெரிக்கர் 1970களில் துணுக்குக் களஞ்சியம் ஒன்று எழுதினார். யாராவது தன் உழைப்பை அப்படியே எடுத்துப் போட்டால் கண்டுபிடிக்க வேண்டுமே என்று, உண்மைகளுக்கு நடுவில் இந்தப் பிலிப்பைச் செருகி வைத்தார். அப்புறம் ‘டிரிவியல் பர்சூட்’ என்ற வினாடி வினா விளையாட்டு வந்தது. அதிலும் அதே பிலிப்! 1984-ல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அவருடைய புத்தகங்களையும் பார்த்தோம் என்று எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டது. ஆனாலும் தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று வழக்குத் தள்ளுபடியானது. வழக்கு முடிந்துவிட்டது, பிலிப் மட்டும் இன்னும் ஊர் சுற்றுகிறார். உங்கள் குடியிருப்பு வரைக்கும் வந்துவிட்டார்.

‘ஃபிராங்க்’ என்றும் சிலர் சொல்வார்கள். 1971-ல் வந்த ஒரு பகுதியில் கொலம்போ அடையாள அட்டையை நீட்டும்போது படத்தை அப்படியே நிறுத்திப் பார்த்தால் அந்தப் பெயர் தெரியும். அன்றைக்கு வீட்டில் டிவியை நிறுத்திப் பார்க்க யாருக்கு வழி இருந்தது? கதையில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. 1974-ல் வந்த பகுதியில் ஒரு ராணுவ அதிகாரி பெயரை நேராகவே கேட்கிறார். இருக்கிறது, என் மனைவி ஒருத்திதான் அதைச் சொல்லிக் கூப்பிடுவாள் என்கிறார் கொலம்போ. அந்த மனைவியையும் 69 பகுதிகளில் ஒன்றில்கூட நாம் பார்க்கவில்லை.

துணுக்குப் பக்கம் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். ஒரு தகவல் எங்கே, எதனால் பிறந்தது என்பதை வெட்டிவிட்டு ஒரே வரியில் போட்டால், உண்மைக்கும் பிலிப்புக்கும் வித்தியாசம் தெரியாது.

‘இன்னும் ஒரே ஒரு விஷயம்’ என்று வாசல் வரை போய்த் திரும்புவாரே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். கொலம்போவைப் படைத்தவர்கள் ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற பள்ளிக்கூட நண்பர்கள். டிவி தொடராகும் முன் 1962-ல் அதை மேடை நாடகமாக எழுதினார்கள். ஒரு காட்சி நீளம் போதவில்லை. கொலம்போவோ ஏற்கெனவே வெளியேறிவிட்டார். நடுவில் வசனம் சேர்த்தால் டைப்ரைட்டரில் அத்தனை பக்கத்தையும் மறுபடி அடிக்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, போனவரைத் திரும்ப வரவைத்து ஒரு கேள்வி கேட்க வைத்தார்கள். லிங்க்கே பின்னாளில் சொன்ன கதை இது.

அந்தச் சோம்பல்தான் தொடரின் உயிராகிவிட்டது. கொலைகாரர் யார் என்பதை இதில் ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். எப்படி மாட்டப்போகிறார் என்பதுதான் நம் தவிப்பு. கதவு மூடப்போகிறது, கொலைகாரர் மூச்சை விடுகிறார், அந்த நொடியில் கொலம்போவின் அழுக்குக் கோட்டு திரும்புகிறது. நாற்பது தடவை பார்த்தாலும் எனக்கு வயிற்றில் ஒரு பிடி பிடிக்கும்.

அந்தக் கோட்டும் தையல் பிரிவு தந்ததல்ல. நியூயார்க்கில் மழையில் மாட்டிக்கொண்டபோது, கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபாக் தனக்காக வாங்கியது. காரும் அவர் பார்த்து எடுத்ததுதான்: ஸ்டுடியோவில் டயரில் காற்றுப் போய் மூலையில் நின்ற பழைய பியூஜோ 403. மூன்று வயதில் கட்டி வந்து வலது கண்ணை இழந்த மனிதர் அவர். அந்தச் சாய்ந்த பார்வையையும் கதாபாத்திரத்துக்கே கொடுத்துவிட்டார். 1971-ல் தொடரின் முதல் பகுதியை இயக்கிய ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்குக்கு அப்போது வயது 24.

சரி, உங்கள் மார்க் விஷயம். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வினாடி வினா நடத்தியவரிடம் கொடுங்கள். ‘பிலிப்’ எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாசல் வரை போய், மார்க்கைத் திருத்தும்படி திரும்பி வந்து சொல்லுங்கள்.