ஃப்ரான்டெனாக் வைன் புளிக்கிறதா? பறிப்பு நாளைப் பாருங்கள்

மினசோட்டாவில் ஃப்ரான்டெனாக் திராட்சைக் கொடி வளர்த்து, பழம் கறுத்ததுமே பறித்து வைன் போட்டதாகவும், அது வாயில் வைக்க முடியாத புளிப்பு என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஈஸ்ட்டைத் திட்டாதீர்கள். 1996-இல் மினசோட்டா பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகம் இது. மைனஸ் 30 டிகிரி செல்சியஸையும் தாங்கும் காட்டுத் திராட்சையின் வம்சம். அந்தப் புளிப்பும் கூடவே வந்துவிட்டது.

நிறத்தை நம்பாதீர்கள். கறுத்த பிறகும் சில வாரம் கொடியிலேயே கிடக்கட்டும். சாற்றின் சர்க்கரை அளவான பிரிக்ஸ் 24 காட்டினாலும் மென்று பாருங்கள், விதை பழுப்பாகியிருக்க வேண்டும். பறவை வலை கட்டாயம்! ஒரு வருஷம் சோம்பலில் விட்டு, பாதித் தோட்டத்தை ராபின்களுக்குத் தானம் செய்தவன் நான்.

சரி, இப்போது கையில் இருக்கும் வைன்? பாக்டீரியாவைத் தடுக்கும் சல்ஃபைட் என்ற பதப்படுத்தியை இன்னும் போடவில்லை என்றால் மாலோலாக்டிக் பாக்டீரியா சேர்த்து, 20 டிகிரி வாக்கில் வையுங்கள். கூர்மையான மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாகும். அப்புறம் சில வாரம் நல்ல குளிரில் வைத்தால் டார்டாரிக் அமிலத்தில் ஒரு பங்கு உப்பாக அடியில் படியும். அதற்குப் பிறகும் புளித்தால் மட்டும் அமிலத்தைக் குறைக்கும் பொட்டாசியம் பைகார்பனேட், அதுவும் முதலில் ஒரு லிட்டரில் சோதித்து. அமிலம் குறையும்போது பிஎச் ஏறும்; அது 3.6-ஐத் தாண்டினால் வைன் சீக்கிரம் கெடும், அளந்துகொண்டே போங்கள். அடுத்த வருஷம் 71பி ஈஸ்ட் வாங்குங்கள், மாலிக்கில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும்.